பத்துக்கு ஏழரை

ஷிப்ட் குறிப்புத் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்,
முன்பக்கம் முழுக்க உருளைகளின் வெப்பம்.
விளையாட்டின் புதிய விரிவாக்கம் வந்திருக்கிறது:
இந்திய அரசுகள் மூன்று, யானை ஐந்து வகை,
விலை முப்பத்திரண்டு தட்டுவடை செட்.
நான் வாங்கினேன். சேர்வராயனும் வாங்கினான்,
அவன் மலைமேல், நாகலூரில்.
நான் கீழே, மோகன் நகர்க் குடியிருப்பில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
மாலையானால் கோபுர நிழல் நீள்கிறது.
ஏரிக்கரை உடைந்தால் வயல் நிஜமாகவே போகிறது.
மேட்டில் வண்டி ஏறும்போது
மாடு தலையைத் தாழ்த்துகிறது. இதை வரைந்தவர்
எங்கோ ஒரு மாட்டைப் பார்த்திருக்கிறார்.

இனி மற்றது.
குடியானவளைத் தொட்டால் "ஆணை" என்கிறாள்.
எங்கள் பக்கம் யாரைக் கூப்பிட்டாலும்
"ஏனுங்க" என்று கேட்டுவிட்டு
அப்புறம்தான் வரலாமா என்று யோசிப்பார்கள்.

யானைக்கு வாழ்நாளில் ஒரே வேளைச் சாப்பாடு:
பிறக்கும்போது, எண்பது கூடை.
பிறகு நூறாண்டுப் போருக்கும் அதற்குப் பசிக்காது.
இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கு
கேன்டீன் வாசலில் நிற்கிறவன்
இதை நம்பக் கொஞ்சம் சிரமப்படுவான்.

எஃகு என்றொரு பொத்தான். நாற்பது நொடி.
நாட்டிலுள்ள எல்லா வாளும் ஒன்றாகக் கூராகின்றன.
இங்கே ஒரு சுருளைக் காகிதமாக மெலிதாக்க
மூன்று ஆள், காதில் பஞ்சு, விடியும்வரை இரைச்சல்,
ஒரு விரல் நகம்
(குழந்தைசாமியுடையது, போன ஆனியில்).

தோண்டுவதற்குத் தங்கமும் சாம்பல் கல்லும் உண்டு,
எங்கள் வெள்ளைக்கல் இல்லை.
வரைபடம் செய்யும் பகுதியில் சேலத்தை நானே செய்தேன்.
திருமணிமுத்தாற்றில் தெளிந்த நீர் விட்டேன்,
அந்தப் பொய் மட்டும் என்னுடையது.
வடக்கே மலையை எழுப்பி,
மிளகுக்கொடி கிடைக்காமல் மூங்கில் நட்டேன்.
சேர்வராயன் பார்த்துவிட்டு எழுதினான்:
"மேல ஒரு ஆளையும் வைக்கலையேடா."
வைக்க முடியாது. இந்த விளையாட்டில் மலை என்றால்
அங்கிருந்து எய்யும் அம்புக்குக் கூடுதல் பலம்,
அவ்வளவுதான்.

சந்தை மட்டும் அச்சு அசல்.
தூரம் கூடக்கூட வண்டிக்குத் தங்கம் கூடுகிறது,
லீ பஜாருக்கு இறங்கிய மிளகு
எங்கெங்கோ போய் விலை ஏறுகிற மாதிரி.
பறித்தவருக்கு எவ்வளவு என்பது
அதிலும் கணக்கில் இல்லை.

அப்புறம் போர்க்களத்து மூடுபனி.
பார்க்காத நிலம் கறுப்பு.
பார்த்துவிட்டு நகர்ந்தால் சாம்பல்:
கடைசியாகக் கண்டபடியே வீடு நிற்கும்,
அதற்குள் எரிந்து போயிருந்தாலும்.
சேர்வராயன் வீடு எனக்குள் அப்படித்தான் நிற்கிறது.
நீலக் கதவு, முற்றத்தில் காயும் காப்பிக்கொட்டை,
கட்டிலில் உட்கார்ந்து பீடி தேடும் அவன் அப்பா.
தை மாதம் அவர் தவறிவிட்டார்.
எனக்கு லீவு கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி
அவனுடைய பதினெட்டு யானைகள் என் கோட்டைக் கதவை முட்டின.
தோற்றேன் என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.
திரும்பினால் எல்லாம் அப்படியே நிற்கின்றன,
ஒன்று, தூக்கிய காலோடு.
என் ஆட்கள் மட்டும் அசைகிறார்கள்.
வில்லாளிகளை ஏவியிருக்கலாம்.
மவுஸின் மேல்தான் விரல் இருந்தது.
உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு நிமிடம் கழித்துத் திரை சொன்னது:
எதிரி சரணடைந்தார். முரசு. பூமழை.

காலையில் போன் வந்தது.
"மேகம் எறங்கிருச்சுடா, டவர் போயிருச்சு.
யாரு ஜெயிச்சது?"
"இங்கயும் கரண்டு போயிருச்சு,
தெரியல," என்றேன்.

மதிப்பெண்: பத்துக்கு ஏழரை.
சனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
அந்த அரை, தலையைத் தாழ்த்திய
மாட்டுக்கு.